துவர்ப்பு என்று ஒரு வரி

கோயம்புத்தூர்
16-4-1996

செல்வியின் அப்பாவுக்கு,

கிருபா எழுதுவது. செல்விக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் நினைத்துப் பயப்படுவீர்கள் என்று தெரியும், அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மூன்று வருடம் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்றால், எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். வேறு ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன்.

நான் இப்போது வெங்கடபதி ஐயாவின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்கிறேன். பெருந்துறையில் படுக்கை விரிப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அவருடையது. கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார். நானும் செல்வியும் அதில் இருக்கிறோம். என் அம்மா வீட்டுக் கதவு உங்களைக் கட்டிக்கொண்ட அன்றே சாத்தியாகிவிட்டது. உங்கள் அண்ணன் வீட்டுக் கதவு நான் உங்களை வெளியே போகச் சொன்ன அன்று சாத்தியாகிவிட்டது. இந்த அறையை விட்டால் எங்களுக்குப் போக இடமில்லை. இதை உங்கள் மனம் இளகட்டும் என்று எழுதவில்லை. விஷயம் விளங்க வேண்டுமே என்று எழுதுகிறேன்.

மே பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பெல்ஜியத்திலிருந்து ஒருவரும் அவர் மனைவியும் வருகிறார்கள். கம்பெனியின் சரக்கில் முக்கால்வாசியை வாங்குகிறவர் அவர். இந்த வருடம் வேறு ஊர்க் கம்பெனிக்கு மாறிவிடுவார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஐயா என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, அந்த ஒரு நேரச் சோறு மனசுக்குப் பிடிச்சு, உக்காந்து பேசுனாருன்னா நம்மகூட இருந்துக்குவாரு. இல்லீன்னா ஜூன் மாசத்துல இந்த ஊட்டைப் பூட்டறதுதான்" என்றார். மிரட்டவில்லை. அவரே பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

சமையலுக்கு நான் பயப்படவில்லை. ஐயா வெளிநாட்டு விமான நிலையத்திலிருந்து மூன்று பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கி வந்திருக்கிறார். மெர்லோ என்று பெயராம். அந்த ஊர்க்காரர்கள் அது இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்களாம். அதைத் திறப்பது, ஊற்றுவது, அதற்கேற்ற கறியை வைப்பது எல்லாம் என் தலையில். நான் அந்த மாதிரி பாட்டிலை வீட்டுக்கு வெளியே எறிந்துதான் பழகியிருக்கிறேன். திறந்து பழக்கமில்லை.

ஐயாவின் கார் ஓட்டுகிற மருதாசலம் அண்ணன் உங்கள் பழைய கூட்டாளி. அவர்தான் இந்த விலாசம் கொடுத்தார். பம்பாயில் பெரிய ஹோட்டலில் நீங்கள் மேஜை மேஜையாகப் போய் ஒயின் ஊற்றுகிறீர்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உங்களை எந்த வேலையில் வைக்கக்கூடாதோ அந்த வேலையில் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எஸ்.டி.டி. போட்டுக் கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. "அஞ்சு நிமிஷம் கண்ணு, இங்கயே நில்லு" என்று சொல்லி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டுப் போனீர்களே, அந்தக் குரல். நான்கு மணி நேரம் புதுச் செருப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளே, அவள் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். தெரிந்ததை எழுதுங்கள். எனக்காக வேண்டாம்.

கிருபா


பம்பாய்
22-4-1996

கிருபாவுக்கு,

கடிதத்தை ஹோட்டல் லாண்டரி அறையில் நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். நீ திட்டியதில் பொய் இல்லை. அத்தனையும் நடந்ததுதான். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நான் மூன்று வருடமாகத் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது போகட்டும். நீ கேட்டதற்கு வருகிறேன்.

மெர்லோ என்பது திராட்சையின் பெயர். பிரான்ஸ் நாட்டுத் திராட்சை. இங்கே வருகிறவர்களில் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒயின் பட்டியல் அட்டையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கு நாங்கள் மெர்லோவைத்தான் சொல்வோம். அதை வாங்கிவிட்டு முகம் சுளித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஐயா சரியானதைத்தான் வாங்கியிருக்கிறார், அதில் பயமில்லை.

கோப்பையில் ஊற்றி வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பார். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு, செங்கல் நிறம் காட்டினால் வயதானது. பிறகு கோப்பையை மெல்லச் சுழற்றி மோந்து பார். கறுத்துப் பழுத்த பிளம் பழ வாசனை வரும். அடியில் கொஞ்சம் மழை பெய்த மண், சில பாட்டிலில் சாக்லேட். கெட்டுப்போயிருந்தால் காடி நெடி அடிக்கும், இல்லாவிட்டால் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை. மூக்கை நம்பு. மூக்கு ஏமாற்றாது.

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வைக்க வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கும். அது அவர்கள் ஊர் அறை. மே மாதக் கோயம்புத்தூரில் அப்படி வைத்தால் கஷாயத்தைக் கொடுத்த கதையாகிவிடும். காலையிலேயே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கப் போடு. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடு. தொட்டால் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி இருக்க வேண்டும், ஐஸ் குளிர்ச்சி ஆகாது. அரை மணி நேரம் முன்னதாகத் திறந்து வை, காற்றுப் படட்டும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே. நம் ஊரில் தளும்ப ஊற்றினால்தான் மரியாதை. இதில் அப்படியில்லை, மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசனை தங்கும். முதலில் ஐயாவுக்கு ஒரு வாய் மட்டும் ஊற்று. அவர் தலையாட்டிய பிறகு அந்த அம்மாவுக்கு, அப்புறம் அவருக்கு. வலது பக்கத்திலிருந்து ஊற்று. முடிக்கும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் ஒரு சொட்டும் விரிப்பில் விழாது. எனக்கு இது பழக இரண்டு மாதம் ஆயிற்று. உனக்கு இரண்டு தடவை போதும், தோசைக்கு மாவு ஊற்றுகிற கை.

தக்கையை எடுக்க ஒரு திருகியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதைச் சுற்றியிருக்கும் பச்சைத் துணி செல்விக்குக் கவுன். அளவு தெரியாது, எட்டு வயதுக்கு என்று கேட்டு வாங்கினேன்.

என்ன சமைக்கப்போகிறாய் என்று எழுது. அதைப் பார்த்துத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

கௌதமன்


கோயம்புத்தூர்
28-4-1996

செல்வியின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. திருகி வேலைக்கு வேண்டியது, வைத்துக்கொண்டேன். கவுன் வேண்டியதில்லை, திருப்பி அனுப்புகிறேன். செல்வியிடம் காட்டவில்லை.

மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். வாழ்க்கையில் எதையாவது இவ்வளவு அக்கறையாகச் செய்து நான் பார்த்ததில்லை. இருக்கட்டும், எனக்கு உபயோகமாக இருக்கிறது. காலிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மணிக்கட்டைத் திருப்பிப் பழகிக்கொண்டிருக்கிறேன். செல்வி வேடிக்கை பார்க்கிறாள். "யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள். புத்தகத்தில் பார்த்தேன் என்றேன்.

இப்போது புதுத் தலைவலி. ஐயா பாட்டில்களை மருதாசலம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அவர் காரின் டிக்கியில் வைத்து மறந்துவிட்டு இரண்டு நாள் பெருந்துறைக்கும் இங்கேயுமாக ஓட்டியிருக்கிறார். இந்த வெயிலில் டிக்கி அடுப்பு மாதிரி இருக்கும். நான் தொட்டபோது பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போயிருக்குமா? இதை ஐயாவிடம் சொன்னால் மருதாசலம் அண்ணனுக்கு வேலை போகும். சொல்லாமல் இருந்தால் எனக்கு வீடு போகும்.

ஐயா பள்ளிபாளையம் கோழிதான் வைக்க வேண்டும் என்கிறார், நம்ம ஊருச் சமையலை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கை நிறைய வரமிளகாய். அதோடு வெள்ளாட்டுக் கறி வறுவல், சோறு, ரசம், கடைசியில் இனிப்புக்குக் கச்சாயம். இது சேருமா?

இன்னொன்று. மூக்குக்கு எப்படி இருக்கும் என்று ஒரு பாரா எழுதியிருக்கிறீர்கள், வாய்க்கு எப்படி இருக்கும்? நான் வாயை வைத்துச் சமைக்கிறவள். உப்புப் பார்க்காமல் ஒரு கரண்டி வெளியே அனுப்ப மாட்டேன். அதன் ருசி தெரிந்தால்தானே கறியை அதற்கு வளைக்க முடியும். நீங்கள் அனுபவசாலி, கூச்சப்படாமல் எழுதுங்கள்.

கிருபா


பம்பாய்
3-5-1996

கிருபாவுக்கு,

சூடு பட்டால் ஒயினுக்கு ஆகாதுதான். ஆனால் இரண்டு நாளில் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. தக்கையைப் பார். வெளியே பிதுங்கியிருக்கிறதா, கழுத்தில் கசிந்த கறை இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். திறந்ததும் மோந்து பார், நான் முன்பு எழுதிய இரண்டு வாடையும் இல்லையென்றால் தைரியமாக ஊற்று. இன்றைக்கே மூன்றையும் இருட்டான இடத்தில் ஈரச்சாக்குப் போட்டுப் படுக்க வை. மருதாசலத்தைக் காட்டிக்கொடுக்காதே.

சாப்பாடு விஷயம். பள்ளிபாளையம் கோழியை அப்படியே வைக்காதே. மிளகாய்க் காரமும் ஒயினும் வாயில் ஒன்றாகச் சேர்ந்தால் காரம் இரண்டு மடங்காக எரியும். எங்கள் ஹோட்டலில் ஆந்திரா மெனு போட்ட அன்று பார்த்திருக்கிறேன், ஒயினை நகர்த்திவைத்துவிட்டு எல்லோரும் பீர் கேட்டார்கள். மிளகாயை விதை எடுத்துப் பேருக்கு நான்கு போடு. வெங்காயத்தையும் தேங்காயையும் நல்லெண்ணெயில் நன்றாகச் சிவக்க விடு, அந்த இனிப்பு போதும். வெள்ளாட்டுக் கறிதான் உன் துருப்புச் சீட்டு. மிளகு மட்டும் போட்டு, கொழுப்போடு, வேகமாக வறுக்காமல் நிதானமாக வை. மெர்லோவுக்கு ஆட்டுக்கறி கேட்டு வாங்குகிறவர்கள் மறுகோப்பை கேட்காமல் எழுந்ததில்லை. காளான் கிடைத்தால் அதுவும் சேரும்.

ரசம் வேண்டாம். புளி சேர்ந்தால் ஒயின் செத்துப்போகும். கச்சாயத்தைக் கோப்பைகளை எடுத்த பிறகு காப்பியோடு கொடு. இனிப்பைத் தின்ற வாய்க்கு ஒயின் பிடிக்காது.

ருசி கேட்டிருக்கிறாய். எல்லோரும் மெர்லோவை மென்மையானது என்றுதான் சொல்வார்கள். சிவப்பிலேயே சாதுவானது என்று, ஒயின் ஊற்றுகிற எங்களுக்கெல்லாம் மேலாளான பெரிய ஸ்டூவர்டு சொல்வார். அதனால் நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. அனுபவசாலி என்று எழுதியிருந்தாயே, அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

கவுன் இன்னும் வந்து சேரவில்லை. ஒன்று சொல்லட்டுமா. நீ என்னை "ஏனுங்க" என்று கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது. இங்கே பம்பாயில் யார் யாரோ என்னென்னவோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், எதற்கும் சட்டென்று திரும்பத் தோன்றுவதில்லை. "செல்வியின் அப்பாவுக்கு" என்று எழுதினாயே, அதுவே எனக்குப் பெரிது.

பதினொன்றாம் தேதி மத்தியானம் நான் அங்கேதான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்.

கௌதமன்


கோயம்புத்தூர்
12-5-1996

கௌதமன் அவர்களுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் செய்தேன். மிளகாய் நான்கு. கறி மிளகில். ரசம் இல்லை. பாட்டில் மண்பானைக் குளிர்ச்சியில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் பாட்டிலைத் திறந்தேன். தக்கை ஒழுங்காக இருந்தது. மோந்தேன், நீங்கள் எழுதிய வாசனைதான். பிறகு என் வழக்கப்படி ஒரு ஸ்பூன் ஊற்றி நாக்கில் வைத்தேன்.

நாக்கைப் பிடித்து இழுத்தது. நரம்பு எடுக்காத வாழைப்பூவைப் பச்சையாக மென்ற மாதிரி ஒரு துவர்ப்பு. பல்லெல்லாம் கூசி, வாய் வறண்டுபோயிற்று. மென்மை என்று எழுதினீர்களே, எந்த ஊர் மென்மை அது? என் வாய்க்குத் தெரிந்த திராட்சை ரசம் ஒன்றே ஒன்றுதான். ஈஸ்டருக்கு முன்னால் சர்ச் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து பன்னீர் திராட்சையில் சர்க்கரையும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுவோமே, திருவிருந்துக்குச் சின்னக் கிண்ணியில் கொடுப்பது. அது தித்திக்கும். இது இப்படி இருக்கவும், டிக்கிச் சூட்டில் கெட்டுப்போயிற்று என்று தோன்றிவிட்டது. இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். அதே துவர்ப்பு. முன்வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. மூன்றாவதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். இரண்டு பாட்டிலையும் சட்டியில் ஊற்றி, சர்க்கரையும் நான்கு கிராம்பும் போட்டுச் சூடு பண்ணி, ஐஸ் பாத்திரத்தில் இறக்கி ஆறவைத்து, வடிகட்டித் திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன். ருசி பார்த்தேன். திருவிருந்து ரசம் மாதிரி நன்றாகவே இருந்தது. கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்தேன்.

ஐயா பேச்சு மும்முரத்தில் இருந்தார், ருசி பார்க்காமலே எல்லோருக்கும் ஊற்றச் சொல்லிவிட்டார். வலது பக்கத்திலிருந்து ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த மனிதர் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார். அப்புறம் மெதுவாகக் கீழே வைத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்த சிரிப்பு அது. அதன் பிறகு இருவரும் தண்ணீர்தான் குடித்தார்கள். கடைசியாக ஐயா தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் காது இரண்டும் சிவந்துபோயிற்று. கறியை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இரண்டரைக்கு எழுந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேஜை மேலேயே கிடந்தது.

அவர்கள் போன பிறகு ஐயா சமையல்கட்டுக்கு வந்தார். "இதுல என்ன கண்ணு போட்டே?" என்று கேட்டார்.

"சர்க்கரைங்க. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

"கெட்டுப்போகலம்மணி. அது அப்படித்தான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாயங்காலம் மருதாசலம் அண்ணன் வந்து, மாதக் கடைசியில் கெஸ்ட் ஹவுஸைப் பூட்டுகிறார்கள், முப்பத்தொன்றாம் தேதிக்குள் அறையைக் காலி பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அது அப்படித்தான் இருக்கும். இந்த ஒரு வரியை ஏன் எழுதவில்லை? நேராகக் கேட்டேனே, வாய்க்கு எப்படி இருக்கும் என்று. துவர்க்கும் கிருபா, பயப்படாதே என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? பாட்டில் பாட்டிலாகக் குடித்தவருக்கு இது தெரியாமலா இருந்தது? வெளியே போகச் சொன்னதற்குப் பழி வாங்கினீர்களா? அப்படியானால் மனசு நிறைந்திருக்கும். என்னைப் பழி வாங்கியிருக்கலாம். பிள்ளை என்ன செய்தாள்?

இதற்குப் பதில் வேண்டாம்.

கிருபா


பம்பாய்
17-5-1996

கிருபா,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

நான் மெர்லோவைக் குடித்ததில்லை.

எந்த ஒயினையும் குடித்ததில்லை. காந்திபுரத்தில் போலீஸ்காரர் செல்வியை என் கையில் கொடுக்காமல் உன் கையில் கொடுத்தாரே, அன்றைக்கு அவள் தலைமேல் கைவைத்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். ஊரில் குடித்ததெல்லாம் பட்டைச் சாராயமும் பிராந்தியும், ஒயினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இங்கே முதலில் கோப்பை கழுவினேன். கழுவும்போது அடியில் மிச்சமிருப்பதை மோந்து மோந்து எது எது என்று சொல்லப் பழகினேன். அதைப் பார்த்துத்தான் பெரிய ஸ்டூவர்டு என்னை மேஜைக்கு எடுத்தார். புதுப் பாட்டில் வந்தால் எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றி ருசி பார்க்கச் சொல்வார். நான் மோந்துவிட்டுக் கீழே வைத்துவிடுவேன். வயிற்றில் புண் என்று சொல்லியிருக்கிறேன். நாக்கில்லாத ஸ்டூவர்டு என்று எனக்கு இங்கே பெயர். இதற்கு மேல் எனக்கு இந்த வேலையில் உயர்வு கிடையாது.

உனக்கு எழுதியதெல்லாம் மூக்கால் அறிந்தது, மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்து அறிந்தது. மென்மையானது என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள், அதையே எழுதினேன். துவர்க்கும் என்று எனக்குத் தெரியாது கிருபா. அவர்களுக்கு அது பழகிய ருசி, யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நான் உன்னோடு சர்ச்சுக்கு வந்தால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பேன். உள்ளே நீங்கள் குடிப்பது தித்திக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

நீ கேட்ட அன்று பெரிய ஸ்டூவர்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று உனக்கு எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மூன்று வருடம் கழித்து நீ என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாய், அதில் தெரியாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கெட்டிக்காரன் என்று நீ ஒரு தடவை நினைக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைதான் உங்கள் கூரையைப் பிடுங்கிவிட்டது. பழி வாங்கவில்லை. ஆனால் குற்றம் என்னுடையதுதான்.

உன் கடிதம் மதியம் வந்தது. சாயங்காலம் பாட்டில்களை எடுத்துவைக்கும் பான்ட்ரியில் மெர்லோ பாட்டில் ஒன்று திறந்து இருந்தது. அந்தத் துவர்ப்பு என்னதான் என்று ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுவோம், அவள் அனுபவித்ததையாவது தெரிந்துகொள்வோம் என்று கோப்பையைக் கையில் எடுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கூட வேலை செய்கிறவன் வந்து வாங்கிக் கழுவப் போட்டான். நான் குடிக்கவில்லை. குடிக்காமல் நின்ற பெருமையில் எழுதவில்லை. அவன் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

நம்பு என்று கேட்க மாட்டேன். பம்பாயிலேயே குர்லாவில் எனக்குப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை இருக்கிறது. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சாவியைக் கீழ்வீட்டுப் பழனியாத்தாள் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், நல்லவர். நீங்கள் இருவரும் வந்து இருந்துகொள்ளுங்கள். நான் ஹோட்டலில் வேலையாட்கள் தங்கும் கூடத்தில் படுத்துக்கொள்வேன். அந்தத் தெருப்பக்கம் வரமாட்டேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கௌதமன்


கோயம்புத்தூர்
24-5-1996

ஏனுங்க,

கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. முதலில் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். அப்புறம் நீங்கள் முன்னால் எழுதிய இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். அதில் மூக்கு இருக்கிறது, கண் இருக்கிறது, கை இருக்கிறது. நாக்கு எங்கேயுமே இல்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்று தூரத்திலிருந்தே சொல்கிற ஆள் நீங்கள், குடித்திருந்தால் அந்தத் துவர்ப்பைப் பற்றி ஒரு பக்கம் அளந்திருப்பீர்கள். நீங்கள் குடியை விட்டுவிட்டதாக மூன்று வருடமாக யார் வந்து சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். மருதாசலம் அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், காதில் வாங்கவில்லை. இப்போது என் அறை போய்த்தான் எனக்கு இது தெரிய வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது, கோபமாகவும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தெரியாது என்று எழுதியிருக்கலாம். அதற்கு உங்களை நேரில் திட்டாமல் விடப்போவதில்லை.

மூன்றாவது பாட்டிலை ஐயா என்னிடமே கொடுத்துவிட்டார். "எனக்கு அதப் பாக்கவே புடிக்கல, எடுத்துக்க கண்ணு" என்றார். நேற்று அதைத் திறந்தேன். கால் கிலோ வெள்ளாட்டுக் கறி வாங்கி, நீங்கள் சொன்ன மாதிரி மிளகு மட்டும் போட்டுக் கொழுப்போடு நிதானமாக வைத்தேன். முதலில் வெறும் வாயில் ஒரு ஸ்பூன். அதே இழுப்பு. பிறகு கறித்துண்டு ஒன்றை நன்றாக மென்று, கொழுப்பு நாக்கில் இருக்கும்போதே இன்னொரு ஸ்பூன். துவர்ப்பு பிடியை விட்டுவிடுகிறது. நாவல்பழம் தின்ற மாதிரி ஓர் இனிப்பு பின்னால் மெல்ல வருகிறது. கறியும் சும்மா தின்பதைவிட ருசியாக இருக்கிறது. அன்றைக்கு நான் சர்க்கரை போடாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் மறுகோப்பை கேட்டிருப்பார். நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது சரிதான்.

இதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யாராவது ருசி கேட்டால், முதலில் துவர்க்கும், கறியோடு சேர்ந்தால் நாவல்பழம் என்று சொல்லுங்கள். இனிமேல் என்ன பாட்டில் வந்தாலும் ஒரு ஸ்பூன் கொண்டுவாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் நாக்கில் வைக்க வேண்டாம். மீதி மெர்லோவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். அது நல்ல சரக்குத்தான், ஆனாலும் எனக்கு அதன்மேல் கோபம் போகவில்லை.

கவுனை நான் திருப்பி அனுப்பவில்லை. அனுப்புகிறேன் என்று எழுதினேனே தவிர, அது பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. முந்தாநாள் செல்விக்குப் போட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்திருக்கிறேன். "அப்பா வாங்குனதாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி குர்லா வண்டியில் ஏறுகிறோம். மருதாசலம் அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி காலையில் அங்கே வந்துசேருமாம். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். சாவியைப் பழனியாத்தாள் அக்காவிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே ஸ்டேஷனுக்குக் கொண்டுவாருங்கள். குடிக்காமல் நிதானமாக வந்து நில்லுங்கள் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன், மேலே அடித்தல் தெரிந்தால் அதுதான்.

அங்கே கூட்டம் பயங்கரமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு இரண்டு கையிலும் மூட்டை இருக்கும். செல்வி பச்சைக் கவுனில் இறங்குவாள். அவள் கையை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிருபா